8 வினாடி: 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி 24.5 கி.மீ.யில் காற்று என்ன செய்தது

1989 ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை. வெர்சாயிலிருந்து பாரிஸின் ஷான்ஸ் எலிஸே வரை 24.5 கி.மீ. தனிநபர் டைம் டிரையல், அதாவது ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கிளம்பிக் கடிகாரத்தோடு மோதும் ஓட்டம். மூன்று வாரமாக 3,285 கி.மீ. ஓடிய டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசிக் கட்டம் இது. மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி பிரான்சின் லோரான் ஃபின்யோனிடம் இருக்கிறது. இரண்டாவது இடத்தில் இருக்கும் அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் 50 வினாடி பின்னால். கி.மீ.க்கு 2 வினாடிக்கு மேல் மிச்சம் பிடித்தால்தான் லெமாண்டுக்கு வாய்ப்பு, இவ்வளவு குறைந்த தூரத்தில் அது நடக்காது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைத்தார்கள்.

நடந்தது வேறு. லெமாண்ட் 26 நிமிடம் 57 வினாடியில் முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 54.545 கி.மீ. அவருக்கு 2 நிமிடம் கழித்துக் கிளம்பிய ஃபின்யோன் 27 நிமிடம் 47 வினாடிக்குள் வந்திருக்க வேண்டும், 27:55க்குத்தான் வந்தார். கோட்டைத் தாண்டியதும் அப்படியே தரையில் சரிந்துவிட்டார். மொத்தக் கணக்கில் வித்தியாசம் 8 வினாடி. ஆண்களுக்கான டூர் வரலாற்றில் இதைவிடக் குறைந்த இடைவெளியில் யாரும் தோற்றதில்லை.

இந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் உடனே இரண்டு விஷயத்தைச் சொல்வார்கள். ஒன்று லெமாண்டின் சைக்கிளில் இருந்த அந்தப் புதுவித ஹேண்டில்பார், இன்னொன்று ஃபின்யோனின் குதிரைவால் முடி. முடியை வெட்டியிருந்தால் ஜெயித்திருப்பார் என்பது இன்றைக்கும் சுற்றிவரும் கதை. இதில் எது எவ்வளவு உண்மை என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் சைக்கிள் வடிவமைப்பில் அரை நூற்றாண்டாக நடந்த ஒரு பெரிய கவனப்பிசகு இந்த ஒரே மதியத்தில் அப்பட்டமாக வெளியே தெரிந்தது.

இரண்டு சைக்கிள்கள்

அன்றைய படங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் சைக்கிள்களை மட்டும். ஃபின்யோனுடையதில் முன்னும் பின்னும் டிஸ்க் சக்கரம், அதாவது கம்பிகளே இல்லாமல் முழுத்தட்டாக மூடிய சக்கரம். லெமாண்ட் ஓட்டிய பொட்டேக்கியா சைக்கிளில் பின்சக்கரம் மட்டும்தான் டிஸ்க், முன்சக்கரம் கம்பி வைத்தது. சைக்கிளை மட்டும் காட்டி எது நவீனமானது என்று கேட்டிருந்தால் 1989இல் பெரும்பாலோர் ஃபின்யோனுடையதைத்தான் காட்டியிருப்பார்கள்.

இப்போது ஆட்களைப் பாருங்கள். ஃபின்யோன் மாட்டுக்கொம்பு மாதிரி முன்னால் வளைந்த ஹேண்டில்பாரின் இரு முனையையும் பிடித்திருக்கிறார். கைகள் தோள் அகலத்துக்கு விரிந்திருக்கின்றன. இரண்டு கைக்கும் நடுவே மார்பு முறம் மாதிரி காற்றை வாங்கிக்கொள்கிறது. தலையில் ஹெல்மெட் இல்லை, வட்டக் கண்ணாடி, பின்னால் முடி பறக்கிறது. லெமாண்டின் ஹேண்டில்பாரிலிருந்து யு வடிவக் குழாய் முன்னோக்கி நீள்கிறது, முழங்கை வைக்க இரண்டு சின்ன மெத்தைகள். இரண்டு முன்னங்கையும் ஒன்றையொன்று ஒட்டி நேராக முன்னால் நீண்டிருக்கின்றன, முழங்கைகள் மார்புக்கு அடியில் ஒடுங்கிவிட்டன, முதுகு கிட்டத்தட்டத் தரைக்கு இணையாக இருக்கிறது. தலையில் பின்னால் நீண்டு குறுகும் நீர்த்துளி வடிவ ஹெல்மெட். எதிரே வரும் காற்று மோத மார்பு என்று ஒன்று ஏறக்குறைய இல்லை.

சைக்கிளில் ஃபின்யோன் முன்னால், உடம்பில் லெமாண்ட் முன்னால். இதுதான் இந்த வழக்கின் மையம்.

காற்றின் கணக்கு

எதிர்காற்றில் சைக்கிள் மிதித்த யாருக்கும் தெரியும், குனிந்தால் கொஞ்சம் இலகுவாகும். மணிக்கு 50 கி.மீ. தாண்டிவிட்டால் சமதளத்தில் வீரர் செலவழிக்கும் சக்தியில் 90 சதவீதம் போல காற்றைத் தள்ளுவதற்கே போகிறது, டயர் உராய்வு, செயின் உராய்வு எல்லாம் சேர்ந்து மிச்சம். அந்தக் காற்றுத் தடையிலும் 70, 80 சதவீதம் மனித உடம்புக்குத்தான். சைக்கிளின் பங்கு நாலில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். தடை விசை வேகத்தின் இருபடியில் ஏறும், அதை வெல்லத் தேவைப்படும் சக்தி முப்படியில் ஏறும். அதனால் காற்றுத் தடை 3 சதவீதம் குறைந்தால் வேகம் சுமார் 1 சதவீதம் கூடும்.

இதைப் பந்தயத்தில் போட்டுப் பார்ப்போம். 58 வினாடி என்பது லெமாண்டின் நேரத்தில் 3.6 சதவீதம். இருவரும் ஒரே சக்தியில் மிதித்தார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், இந்த வித்தியாசம் முழுவதையும் விளக்க ஃபின்யோனின் காற்றுத் தடை 11 சதவீதம் அதிகமாக இருந்திருக்க வேண்டும். அன்று பின்காற்று அடித்தது, பாதையும் வெர்சாயிலிருந்து பாரிஸ் நோக்கி மொத்தத்தில் இறக்கம். பின்காற்று இருந்தால் உடம்பில் படும் காற்றின் வேகம் குறையும், அப்போது வடிவத்தின் செல்வாக்கும் சற்றுக் குறையும், ஆகவே 11க்குப் பதில் 13, 14 என்று வரலாம். கொம்பு ஹேண்டில்பாரிலிருந்து முழங்கை வைக்கும் பாருக்கு மாறினால், நன்றாகப் பொருந்திய வீரருக்கு 10 சதவீதத்துக்குக் குறையாமல் தடை குறைவது காற்றுச் சுரங்கச் (செயற்கையாகக் காற்றை வீசித் தடையை அளக்கும் கூடம்) சோதனைகளில் சாதாரணமாகக் காணப்படும் விஷயம். சரி, கணக்கு பொருந்திவிட்டது, பார்தான் ஜெயித்தது, வழக்கு முடிந்தது என்று எழுந்துபோய்விடலாம் போலிருக்கும்.

ஆனால் அப்படி முடிக்கக் கூடாது.

ரென் சொல்லும் சாட்சி

அதே டூரில், அதே ஹேண்டில்பாரோடு லெமாண்ட் ஏற்கெனவே ஒரு சமதள டைம் டிரையல் ஓடியிருந்தார். ஜூலை 6ஆம் தேதி, டினாரிலிருந்து ரென் வரை, 73 கி.மீ. அதில் லெமாண்ட் முதலிடம், ஃபின்யோன் மூன்றாவது, இடைவெளி 56 வினாடி. கவனியுங்கள்: 73 கி.மீ.க்கு 56 வினாடி, பிறகு பாரிஸில் 24.5 கி.மீ.க்கு 58 வினாடி. ரென்னில் கி.மீ.க்கு முக்கால் வினாடி, பாரிஸில் கி.மீ.க்கு 2.4 வினாடி, மூன்று மடங்கு. பார் அதேதான். ஆக 58 வினாடியையும் பாரின் கணக்கிலேயே எழுத முடியாது.

இன்னொரு சாட்சி அதற்கும் முந்தையது. அந்த ஆண்டு இத்தாலியில் நடந்த ஜிரோவை ஜெயித்தவர் ஃபின்யோன்தான். லெமாண்ட் அதில் பெரும்பகுதி பின்னால் தத்தளித்தார். 1987 ஏப்ரலில் வேட்டையின்போது தவறுதலாகச் சுடப்பட்டு, கிட்டத்தட்ட உயிர் போய்த் திரும்பியவர் அவர், சுமார் 35 குண்டுத்துகள் உடம்பில் அப்படியே இருந்தன. ஆனால் அந்த ஜிரோவின் கடைசி நாளில், ஃபுளோரன்ஸில் முடிந்த 53 கி.மீ. டைம் டிரையலில், இந்தப் பார் இல்லாமலே அவர் இரண்டாவதாக வந்தார், ஃபின்யோனைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் வேகமாக. உடம்பு திரும்பிவிட்டது என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி, அதை அன்று அதிகம் பேர் கவனிக்கவில்லை.

மூன்றாவது, ஃபின்யோனின் உடம்பு. சீட் உராய்ந்து வந்த புண்ணோடுதான் அவர் பாரிஸ் கட்டத்துக்கு வந்தார். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அந்த இடத்தில் புண் வந்தால் உட்கார்ந்து முழுப் பலத்தோடு மிதிக்கவே முடியாது, ஒரே நிலையில் அசையாமல் இருப்பது அதைவிடக் கஷ்டம். டைம் டிரையலோ அசையாமல் உட்கார்ந்து மிதிக்கிற ஆட்டம். அதோடு முன்சக்கரமும் டிஸ்க்காக இருந்தால் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போதெல்லாம் ஹேண்டில் இழுக்கும், அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆக காரணங்கள் பல. லெமாண்டின் உடல்நிலை ஏறுமுகம், ஃபின்யோனின் புண், ஹெல்மெட், பார், முன்சக்கரம். அப்படியானால் பாரை எப்படி எடைபோடுவது? நான் கேள்வியைத் திருப்பிக் கேட்பேன். 58 வினாடியை விளக்க வேண்டாம், 8 வினாடியை மட்டும் விளக்குவோம். ஏனென்றால் லெமாண்ட் பந்தயத்தை ஜெயித்தது 8 வினாடியில்தான். 8 வினாடி அவருடைய நேரத்தில் அரை சதவீதம். முப்படிக் கணக்குப்படி காற்றுத் தடையில் 1.5 சதவீதம், பின்காற்றைச் சேர்த்தால் 2 சதவீதம். அந்தப் பார் அவருக்கு வெறும் 2 சதவீதம் உதவியிருந்தாலே போதும், அது இல்லாவிட்டால் டூர் ஃபின்யோனுடையது. அது 2 சதவீதத்தைவிடப் பல மடங்கு உதவும் என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இதே அளவுகோலை மற்றவற்றுக்கும் வைக்கலாம். நல்ல ஹெல்மெட்டுக்கும் 2 சதவீதம் வரும், ஆகவே ஹெல்மெட்டும் தனியாகவே முடிவை மாற்றியிருக்கலாம். புண்ணும் அப்படியே. குதிரைவால் முடி மட்டும் தனியாக 2 சதவீதம் தருமா என்றால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தலைக்குப் பின்னால் ஏற்கெனவே கலைந்துபோன காற்றில் ஆடுகிற முடி அது. கதை சொல்ல வசதியாக இருப்பதால்தான் அது இத்தனை நாள் நிற்கிறது.

பனிச்சறுக்கிலிருந்து வந்த யோசனை

அந்தப் பாரைக் கண்டுபிடித்தது சைக்கிள் கம்பெனிப் பொறியாளர் யாரும் இல்லை, பூன் லெனன் என்ற பனிச்சறுக்குப் பயிற்சியாளர். மலையிலிருந்து சறுக்கி இறங்குகிறவர்கள் கைகளை முன்னால் குவித்து, முதுகை மடித்து, முழங்கையை உள்ளே ஒடுக்கிப் போவார்கள். அந்த வீரர்களைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிப்பது வழக்கம். அந்த நிலையை சைக்கிளில் எப்படிக் கொண்டுவருவது என்று யோசித்துப் பிறந்ததுதான் ஸ்காட் நிறுவனம் விற்ற அந்தப் பார். 1987 வாக்கில் அமெரிக்க டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயம்) வீரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், அப்புறம் அமெரிக்க அணியான செவன்-லெவன் சாலைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பிய அணிகள் அதைப் பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தன. பார்க்க அழகாக இல்லை, டிரையத்லான்காரர்களின் சாமான், இவைதான் அன்றைய மனநிலை.

இங்கே விதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சைக்கிளில் வீரருக்கு மூன்று தாங்குமிடம்தான் இருக்கலாம் என்பது அன்றைய விதி: பெடல், சீட், ஹேண்டில்பார். முழங்கை மெத்தை நான்காவது தாங்குமிடம் ஆகாதா என்ற கேள்வி நியாயமானதுதான். நடுவர்கள் அனுமதித்தார்கள். ஃபின்யோன் தரப்புக்குக் கடைசிவரை அதில் மனக்குறை இருந்தது. ஆனால் ஜூலை 6க்கும் 23க்கும் நடுவே 17 நாள் இருந்தன. ரென்னில் தோற்ற பிறகு ஃபின்யோனின் சூப்பர் யு அணியும் அதன் இயக்குநர் சிரில் கிமாரும் இரண்டில் ஒன்றைச் செய்திருக்க வேண்டும்: முறைப்படி எதிர்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாங்களும் ஒன்றை வாங்கி மாட்டியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. அந்த அணியின் பெரிய தவறு இதுதான் என்பது என் முடிவு.

இதில் வேதனை என்னவென்றால் ஃபின்யோனுக்கு இது முதல் தடவை இல்லை. 1984 ஜிரோவிலும் கடைசி நாள் டைம் டிரையல், வெரோனாவில் முடிகிற 42 கி.மீ. ஃபின்யோன் 1 நிமிடம் 21 வினாடி முன்னிலை. எதிராளி ஃபிரான்செஸ்கோ மோஸர், அந்த ஜனவரியில் மெக்சிகோ நகரில் டிஸ்க் சக்கர சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 51.151 கி.மீ. ஓடி, எடி மெர்க்ஸின் 1972 சாதனையான 49.431 கி.மீ.யை நொறுக்கியவர். அதே வகை சைக்கிளை வெரோனாவுக்கும் கொண்டுவந்தார், மணிக்கு 50.977 கி.மீ. வேகத்தில் ஓடி ஜிரோவைத் தட்டிப் பறித்தார். படம்பிடிக்கும் ஹெலிகாப்டர் தாழப் பறந்து தனக்கு எதிர்காற்றைத் தள்ளியது என்று ஃபின்யோன் குற்றம் சாட்டினார். அந்தக் காலத்தில் தடைசெய்யப்படாத ரத்தமேற்றும் முறையை மோஸர் பயன்படுத்தினார் என்பதும் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்ட விஷயம், ஆகவே மெக்சிகோ சாதனையை டிஸ்க் சக்கரத்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. ஆனால் உலகம் எடுத்துக்கொண்ட பாடம் சக்கரம்தான். 1984க்குப் பிறகு எல்லாரும் டிஸ்க் வாங்கினார்கள். ஃபின்யோன் 1989இல் இரண்டு டிஸ்க்கோடு வந்து நின்றதற்கு வெரோனா ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. போன தடவை தோற்ற ஆயுதத்தை முழுசாகக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார், அதற்குள் ஆயுதம் மாறிவிட்டது.

உடம்பை மறந்த அரை நூற்றாண்டு

80களின் டைம் டிரையல் சைக்கிள்களைப் பார்த்தால் எவ்வளவு உழைப்பு என்று மலைப்பாக இருக்கும். முன்சக்கரம் சின்னது, பின்சக்கரம் பெரியது, மேல்குழாய் முன்னோக்கிச் சரிந்து இறங்கும். குழாய்களைத் தட்டையாக்கினார்கள், பிரேக் கம்பிகளைக் குழாய்க்குள் ஒளித்தார்கள். ஷிமானோ 80களின் தொடக்கத்தில் டூரா ஏஸ் ஏஎக்ஸ் என்று பிரேக், பெடல் எல்லாவற்றையும் காற்றுக்கு ஏற்ற வடிவத்தில் கொண்டுவந்தது, அது சந்தையில் எடுபடவில்லை. கலிபோர்னியாவில் செஸ்டர் கைல் என்ற பேராசிரியர் 70களிலேயே சைக்கிளை ஓடவிட்டு வேகம் குறைவதை அளந்து, தடையில் பெரும்பங்கு உடம்புக்குத்தான் என்று காட்டியிருந்தார். ஆனாலும் நாலில் ஒரு பங்கைத்தான் எல்லாரும் செதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் பின்னால் போனால் உடம்பின் நிலையை மாற்றிய ஒருவர் 1933இலேயே இருந்தார், பிரான்சின் சார்ல் மோஷே. அவர் செய்த வெலோகார் சாய்ந்து படுத்த நிலையில் மிதிப்பது. ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற, முதல் வரிசை நட்சத்திரம் என்று சொல்ல முடியாத வீரர் அதில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓடினார், 1914 முதல் நின்ற ஆஸ்கர் எக்கின் 44.247 கி.மீ. சாதனை போயிற்று. சர்வதேச சைக்கிள் பந்தய அமைப்பான யூசிஐ 1934இல் சைக்கிள் என்றால் என்ன என்று வரையறுத்து வெலோகாரை வெளியே தள்ளியது. அந்தத் தீர்ப்பின் விளைவை நான் இப்படிப் பார்க்கிறேன்: உடம்பைத் தொடாதே, சைக்கிளை மட்டும் செதுக்கு என்று அது வடிவமைப்பாளர்களைப் பழக்கிவிட்டது. 55 வருடம் கழித்து லெனனின் குழாய்தான் விதியை உடைக்காமல் உடம்பை மடக்கியது.

பாரிஸுக்குப் பிறகு தடுக்க ஆள் இல்லை. அடுத்த ஆண்டே டைம் டிரையல்களில் முழங்கைப் பார் சாதாரணமாகிவிட்டது. 1993 ஜூலையில் ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரி, வாஷிங் மெஷின் பேரிங்கையும் சேர்த்துத் தானே கட்டிய சைக்கிளில், கைகளை மடித்து மார்புக்கு அடியில் செருகிக்கொண்டு, நார்வேயின் ஹாமரில் 51.596 கி.மீ. ஓடினார். அந்த நிலையின் வலிமைக்கு ஓப்ரியைவிடவும் நல்ல சாட்சி மோஸர்தான். 1994 ஜனவரியில், 42 வயதில், அதே மெக்சிகோ நகரில், ஓப்ரி பாணியில் குனிந்து 51.840 கி.மீ. ஓடினார். பத்து வருடம் மூப்பான உடம்பு தன் பழைய சாதனையை 689 மீட்டர் தாண்டியது. அந்த ஆண்டே யூசிஐ ஓப்ரியின் நிலையைத் தடைசெய்தது. அவர் கைகளை முழுசாக முன்னால் நீட்டும் இன்னொரு நிலையைக் கண்டுபிடித்தார், அதில் 1996 செப்டம்பரில் மான்செஸ்டரில் கிறிஸ் போர்ட்மன் 56.375 கி.மீ. ஓடினார், பிறகு அதுவும் தடை.

2000இல் யூசிஐ ஒருமணி நேரச் சாதனையை மெர்க்ஸ் காலத்து சைக்கிளுக்கே திருப்பியது. வட்டக் குழாய், கம்பிச் சக்கரம், கீழ்வளைந்த சாதாரண ஹேண்டில்பார். அதே போர்ட்மன் அந்த அக்டோபரில் மான்செஸ்டரின் அதே மைதானத்தில் ஓடியது 49.441 கி.மீ., மெர்க்ஸைவிட 10 மீட்டர்தான் அதிகம். நான்கு வருடம் மூப்பு என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 7 கி.மீ. வித்தியாசத்தில் பெரும்பகுதி நீட்டிய கைகளுக்கும் சைக்கிளுக்கும்தான் போய்ச் சேரும். பாரிஸில் லெமாண்டை ஜெயிக்க வைத்த 8 வினாடியோ, கடைசிக் கோட்டில் ஃபின்யோனின் வேகத்தில் அளந்தால், சுமார் 117 மீட்டர்.